எலி இணைந்திருக்கிறது

இரவு பத்தரை மணி இருக்கும். விடாத மழை. கிடங்குகளுக்கு நடுவே போகும் சாலை அது. பகல் முழுக்க லாரிகள் நிற்கும், இரவானால் ஒரு நாய்கூடப் படுக்காது. விளக்குக் கம்பங்களில் பாதி எரியாது. அந்தச் சாலையின் கோடியில் ஒருவன் ஷட்டரை இழுத்துப் பூட்டினான். லேப்டாப் பையைத் தோளில் மாட்டினான். அக்காவுக்கு போன் போட்டான்.

"கிளம்பிட்டேன்க்கா. வந்துட்டே இருக்கேன்."

அவ்வளவுதான்... அவன் வரவில்லை.

இப்படித்தான் ஆரம்பித்தாள், எங்கள் மாலை வகுப்பின் கடைசி பெஞ்சுக்காரி. கணக்கு வகுப்பு முடிகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. வெளியே இறங்க முடியாத மழை. ஐந்தாறு பேர் மாடிப்படியில் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரோ போன் டார்ச்சைப் படியில் கவிழ்த்து வைத்தார்கள்.

"எங்க பெரியம்மா பொண்ணுக்கு நடந்தது. நம்பினா நம்புங்க, இல்லாட்டி போங்க" என்றாள்.

அவளுக்கு அக்கா என்பதால் இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன். அவள் சொன்ன வரிசையை மாற்றவில்லை. ஒன்றிரண்டு இடத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

அக்கா வேலை பார்த்தது ஒரு பல் லேபில்.

"பல்லுக்கெல்லாமா லேப் இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பின்ன? டாக்டர் வாயைத்தான்டி பார்ப்பார். பல்லை யார் செய்யறது?"

ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். நோயாளியின் வாயை ஸ்கேன் செய்த ஃபைல் முதலில் வாசல் அறைக்கு வரும். நடு அறையில் அக்கா அதைத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, தாடையைச் சரிசெய்து, முடித்ததை 'இரவு' என்ற ஃபோல்டரில் போடுவாள். உள் அறையில் பிரின்டர் இருந்தது. காகிதத்தில் அடிக்கிற பிரின்டர் இல்லை. கீழே ஒரு தொட்டி, அதில் ரெசின் என்கிற பிசின் மாதிரித் திரவம். மேலிருந்து ஒரு தகடு இறங்கி அதில் முங்கும். மயிரிழை கனத்துக்குத் திரவம் கெட்டியாகித் தகட்டில் ஒட்டும். தகடு மேலே ஏறும்போது 'ப்ளக்' என்று ஒரு சத்தம். மறுபடி முங்கும்... ப்ளக்... மறுபடி... ப்ளக். இரவெல்லாம் இதே சத்தம். காலையில் வந்து பார்த்தால் தகட்டிலிருந்து ஒரு தாடை தலைகீழாகச் சொட்டிக்கொண்டு தொங்கும்.

அந்த லேபில் ஒரு வழக்கம். கடைசியாகக் கிளம்புகிறவர் தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, தொட்டியை நிரப்பிவிட்டுப் போக வேண்டும். நள்ளிரவுக்கு பிரின்டர் தானாக விழித்துக்கொள்ளும். 'இரவு' ஃபோல்டரில் அன்றைக்கு என்ன வந்து விழுந்திருக்கிறதோ அதை எடுத்து அடிக்க ஆரம்பிக்கும். யாரும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்தவன் அக்காவின் தம்பி. அவனுக்கும் அங்கேதான் வேலை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பான். சின்ன வயதிலிருந்தே. ஒரே அறையில் படுத்திருந்த அக்காவுக்கு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் கெட்டதும் உண்டு, அந்தச் சத்தத்தால் தூக்கம் கெட்டதும் உண்டு. "டேய், பல்லைக் கடிக்காத" என்று இருட்டிலேயே சொல்வாள். நின்றுவிடும். வீட்டில் அவனுக்கு எலி என்று பெயர். தன் லேப்டாப்புக்கும் அவன் அதே பெயரை வைத்திருந்தான்.

முன்பெல்லாம் ஃபைல்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு அறைக்கு அறை அலைந்தார்கள். ஒருமுறை ஒருவர் பல் இன்னொருவர் வாய்க்குப் போய்ப் பெரிய ரகளை. அதற்குப் பிறகுதான் தம்பி மூன்று கம்ப்யூட்டரையும் தன் லேப்டாப்பையும் சேர்த்துக் கட்டினான். திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் தெரியும். வாசல், நடு, உள்ளே, எலி. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் 'இணைந்திருக்கிறது.' சாம்பல் புள்ளி என்றால் 'இணைப்பில் இல்லை.'

"இங்க போட்டா அங்க வரும். அங்க போட்டா இங்க வரும். ஒண்ணுல அழிச்சா எல்லாத்துலயும் போயிடும்" என்று அக்காவுக்கு விளக்கினான்.

"நடுவுல பெரிய கம்ப்யூட்டர் எதுவும் வேணாமா?"

"வேணாம். இதுல யாரும் முதலாளி கிடையாது. நாலும் ஒண்ணுதான். ஒரு பக்கமா மட்டும் எதுவும் போகாது. அவ்வளவுதான் இதோட சூட்சுமம்."

அந்தப் பக்கமாக வந்த முதலாளி, "சம்பளத் தேதிக்கு மட்டும் நான்தான் முதலாளி, இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சோதித்துப் பார்க்க ஒரு ஃபைல் வேண்டும். தம்பி தன் வாயைத் தானே ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போட்டான். மேல்வரிசையில் இடதுபக்கம் ஒரு தெத்துப்பல். மற்றபடி முத்து மாதிரி வரிசை. மறுநாள் காலை தகட்டில் அவன் தாடை தொங்கியது. ஒரு மாதம் அதைக் காகிதம் பறக்காமலிருக்க மேசையில் வைத்திருந்தார்கள். பிறகு எங்கோ தொலைந்தது.

அடுத்து அவன் செய்தது அம்மாவுக்கு ஒரு பல் செட். அம்மாவுக்கு ஒரு பல்கூட இல்லை. பழைய செட் உறுத்தும், பேசும்போது கழன்று விழும். மகன் அளவெடுத்துச் செய்து கொடுத்ததைப் போட்டுக்கொண்டு அம்மா கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாளாம். "பத்து வயசு குறைஞ்சிட்டம்மா" என்றானாம் தம்பி. "போடா எலி" என்றாளாம்.

அப்படி இருந்த வீட்டில்தான் அந்தச் சண்டை. வேறு ஊரில் பெரிய வேலை வந்திருக்கிறது, போகிறேன் என்றான் தம்பி. அம்மா விடமாட்டேன் என்றாள். காலையில் வார்த்தை முற்றியது. சாப்பிடாமல் கிளம்பினான். அன்று இரவுதான் அந்த மழை, அந்த போன்.

போலீஸ் கிடங்குச் சாலையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தது. ஒன்றும் இல்லை. லேப்டாப்பும் இல்லை. காலையில் சண்டை என்று தெரிந்ததும் அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

"வயசுப் பையன். கோபம் தணிஞ்சா வருவான். இல்லன்னா போன் பண்ணுவான். போங்கம்மா."

மாதங்கள் போயின. போன் வரவில்லை. அம்மா பல் செட் போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டாள். அதைச் சமையலறை அலமாரியில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தாள். தினமும் தண்ணீரை மட்டும் மாற்றுவாள். இருக்கிறானா, இல்லையா? அந்த வீட்டில் யாரும் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அம்மா கஞ்சியைக்கூட விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாளுக்கு நாள் இளைத்தாள். இப்படியே போனால் அம்மாவும் மிஞ்சமாட்டாள் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

ஒருநாள் அம்மா கேட்டாள். "போன்தானே எடுக்கமாட்டேங்கறான். அவன் கம்ப்யூட்டருக்கு அனுப்ப முடியாதா? நீங்க ஒண்ணுல போட்டா இன்னொண்ணுல வரும்னு சொல்வியே."

"அது லேபுக்குள்ள மட்டும்தாம்மா."

"அனுப்பித்தான் பாரேன்."

அம்மாவின் மனதுக்காக அக்கா சரி என்றாள். அம்மாவின் பழைய போனிலும் தன் போனிலும் அந்த ஏற்பாட்டைப் போட்டுக்கொண்டாள். அம்மா போனை வாய்க்கு நேராகப் பிடித்து, பல்லில்லாத வாயால் பேசினாள். "கோபம் இருந்தா இருக்கட்டும்டா. வர வேணாம். நீ எங்க இருக்கன்னு மட்டும் சொல்லு." மறுநாள் அக்கா அந்த போனை லேபுக்கு எடுத்துப் போனாள். பட்டியலில் 'அம்மா' என்று ஒரு பச்சைப் புள்ளி கூடியது. குரல் ஃபைல் எல்லாக் கம்ப்யூட்டரிலும் வந்து விழுந்தது. எலிக்குப் பக்கத்தில் அதே சாம்பல் புள்ளி.

அடுத்த நாள் காலை அக்காதான் முதலில் வந்தாள். உள் அறையில் எப்போதும் ரெசினின் கூர்மையான வாடை இருக்கும், மூக்கில் ஏறும். அன்று வேறு ஏதோ. தேங்கிய தண்ணீர் வாடை... பாசி வாடை. தகட்டில் ஒரு தாடை தொங்கியது. முந்தின நாள் அவள் 'இரவு' ஃபோல்டரில் எதுவும் போடவில்லை.

கையுறை போட்டுக் கழற்றினாள். திருப்பினாள். இடதுபக்கம் தெத்துப்பல்.

லேபின் கம்ப்யூட்டர்களுக்கு வயர் இழுக்கிற, பழுது பார்க்கிற பையன் ஒருவன் உண்டு. எல்லாரும் அவனை வயர் என்றே கூப்பிடுவார்கள். தம்பியின் சிநேகிதன். அக்கா அவனைக் கூப்பிட்டாள். அவன் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதுல பயப்பட ஒண்ணும் இல்லக்கா" என்றான். "இந்த ஃபைலை முதலாளி எப்பவோ அழிச்சுட்டார். ஆனா ரொம்ப நாளா அணைஞ்சு கிடக்கிற மெஷின்ல பழைய காப்பி இருக்கும். அந்த மெஷின் திரும்ப ஆன் ஆனா, இங்க இல்லையே பாவம்னு அதுவா அனுப்பி வைக்கும். அழிச்சது திரும்ப வர்றது சகஜம்."

"எந்த மெஷின்?"

வயர் திரையைப் பார்த்தான்.

"எலியிலேர்ந்துதான் வந்திருக்கு."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இது இன்டர்நெட் இல்லக்கா. நம்ம வைஃபைக்குள்ள இருக்கற மெஷினோட மட்டும்தான் பேசும். ரெண்டு சுவர் தாண்டினா செத்துடும். அப்படின்னா... ராத்திரி அவன் இங்கதான் எங்கயோ பக்கத்துல வந்திருக்கான்."

அக்கா அழுதாளாம், சிரித்தாளாம், இரண்டையும் சேர்த்துச் செய்தாளாம். இருக்கிறான். அம்மாவின் குரலைக் கேட்டிருக்கிறான். நேரில் வர வெட்கப்பட்டுக்கொண்டு விளையாட்டுக் காட்டுகிறான். அன்று மாலை அம்மாவிடம் சொன்னாள். அம்மா எழுந்து போய், தம்ளரிலிருந்து பல் செட்டை எடுத்து, உதறி, வாயில் பொருத்திக்கொண்டாள். தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அன்றிரவும் போனில் பேசினாள். அதே கேள்வி. எங்கடா இருக்க?

கடைசி பெஞ்சுக்காரி இங்கே நிறுத்தினாள். மழை ஓயவில்லை. "இதுவரைக்கும் நல்ல கதைதானே" என்று ஒருத்தி சொன்னாள்.

மறுநாள் காலையும் தாடை தொங்கியது. அதே தெத்துப்பல். ஆனால் முன்பல் இரண்டும் சாய்வாக உடைந்திருந்தன. பிரின்டர் பாதியில் நின்றிருக்கும் என்று அக்கா நினைத்தாள். திரையில் ஃபைலைத் திறந்து பார்த்தாள். ஃபைலிலேயே உடைந்துதான் இருந்தது. பழைய காப்பி என்றால் பழையது மாதிரிதானே இருக்க வேண்டும்?

அதற்கு மறுநாள் தொங்கியது கீழ்த்தாடை. அதில் ஒரு விரிசல். முகவாய்க்கட்டையிலிருந்து வலதுபக்கமாக, முடி மாதிரி ஓடியது.

அக்கா அம்மாவிடம் சொல்லவில்லை. வயரிடம் சொன்னாள். இரண்டு பேரும் அன்றிரவு லேபிலேயே இருந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு நடு அறையில் உட்கார்ந்தார்கள். திரை வெளிச்சம் மட்டும். வாசல் பச்சை. நடு பச்சை. உள்ளே பச்சை. எலி சாம்பல்... வயர் ஏதோ ஜோக் அடித்துப் பார்த்தான். அக்கா சிரிக்கவில்லை. அவனும் விட்டுவிட்டான்.

ஷட்டர் அசையவில்லை. வெளியே காலடி இல்லை. சாம்பல் புள்ளி பச்சையானது.

எலி... இணைந்திருக்கிறது.

'இரவு' ஃபோல்டரில் ஒரு ஃபைல் மெல்ல நிறைந்தது. உள் அறையில் தகடு இறங்கும் சத்தம். ப்ளக்.

"அக்கா, நீங்க இங்கயே இருங்க" என்றான் வயர். அக்கா இருக்கவில்லை. அவன் போனில் வைஃபை எந்த மெஷினோடு எவ்வளவு பலமாகப் பேசுகிறது என்று பார்க்க ஒரு வழி இருந்தது. அதைப் பிடித்தபடி நடந்தார்கள். வாசல் பக்கம் போனால் எலியின் பலம் குறைந்தது. திரும்பினார்கள். நடு அறையில் கூடியது. உள் அறையில் இன்னும் கூடியது. பின்கதவைத் திறந்தார்கள். பின்சுவருக்குப் போய் நின்றபோது முழுதாக இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடம். பாதியில் நின்றது. சொந்தக்காரர்களுக்குள் வழக்கு, வருஷக்கணக்காக அப்படியே கிடக்கிறது. சுவரில் ஓரிடத்தில் செங்கல் பெயர்ந்து ஓர் ஆள் நுழைகிற இடைவெளி. ஷட்டரைப் பூட்டிவிட்டுப் பக்கவாட்டில் சுற்றி வந்து, அதில் புகுந்து, அந்தக் கட்டடத்தின் தரைக்குக் கீழே இருக்கும் தளம் வழியாகப் போனால் பெரிய சாலைக்குக் குறுக்குவழி. கிடங்குச் சாலையில் நனைய வேண்டாம். மழைநாளில் தம்பி அப்படிப் போவான் என்று வயருக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

டார்ச் அடித்தான். கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். லிஃப்டுக்காகத் தோண்டிய குழி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரே மட்டமாக, கறுப்பாக, அசையாமல் கிடந்தது. பாசி வாடை.

அவர்களுக்குப் பின்னால், உள் அறையிலிருந்து... ப்ளக்... ப்ளக்...

காலையில் போலீஸ் தண்ணீரை இறைத்தது. லிஃப்ட் குழிக்குள் தம்பி இருந்தான். பை தோளிலேயே மாட்டியிருந்தது. ஒரு காவலர் லேப்டாப்பை வெளியே எடுத்துச் சாய்த்தார். பழுப்புத் தண்ணீரும் சின்னச் சின்ன நத்தைகளும் கொட்டின. பேட்டரி உப்பி வெடித்து எத்தனை மாதமாகியிருந்ததோ.

முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. பல்லை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். அவன் பல்லின் பழைய ஸ்கேன் இருக்குமே என்று அதிகாரி லேபுக்கு வந்தார். அக்காவின் மேசையில் இருந்த தாடைகளைப் பார்த்தார். உடைந்த முன்பல்லையும் விரிசலையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதே மாதிரிதான்மா இருக்கு. விழுந்தப்ப உடைஞ்சிருக்கு. அச்சு அசலா இதேதான்." பிறகு நிமிர்ந்தார். "ஆமா, உடம்பு நேத்துதானே வெளியே வந்துச்சு. இதை எப்ப எடுத்தீங்க?"

அதிகாரி காத்திருந்து பார்த்தார். பிறகு, அன்றைக்கு மாதிரியே பேனாவை மூடிவிட்டுப் போனார்.

காரியங்கள் முடிந்தன. அம்மா அழவில்லை. பல் செட்டைக் கழற்றி, மறுபடி தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டாள். "எங்க இருக்கான்னு தெரிஞ்சிடுச்சில்ல. போதும்" என்றாள். அக்காவுக்கு அது ஆறுதலாக இருந்தது.

வயர் பட்டியலிலிருந்து எலியை நீக்கினான். கொஞ்ச நேரத்தில் அது திரும்ப வந்தது. இன்னொரு கம்ப்யூட்டரில் பெயர் மிச்சமிருந்தால் இப்படித்தான் வரும் என்று சொல்லி, எல்லாவற்றிலும் போய் நீக்கினான். பிறகு வரவில்லை.

சில நாள் கழித்து அக்கா அம்மாவின் குரல் ஃபைலை அழிக்கலாம் என்று ஃபோல்டரைத் திறந்தாள். அம்மா பேசியது ஒரு வரி, இரண்டு வரி. இந்த ஃபைல் நீளமாக இருந்தது. காதில் மாட்டிக் கேட்டாள். நீ எங்க இருக்கன்னு மட்டும் சொல்லு... அம்மா முடித்துவிட்டாள். ஃபைல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றுமில்லை. ஏதோ சொட்டுகிற மாதிரி. பிறகு நறநறவென்று... பல்லைப் பல்லோடு தேய்க்கிற சத்தம். நெடுநேரம். அது நின்றது. வாய் நிறையத் தண்ணீரோடு பேசுவது போல ஒரு குரல்.

"அம்மா... நீ எங்க இருக்க?"

அக்கா அதை அழித்தாள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அழிந்துவிட்டதா என்று ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அம்மா தாங்கமாட்டாள்.

ஆனால் அவள் ஒன்றை மறந்துவிட்டாள். அம்மாவின் பழைய போன் அத்தனை நாளும் லேபுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அதிலும் ஒரு காப்பி இருந்தது. இப்போது அது வீட்டில், அம்மாவின் தலையணைக்குக் கீழே இருந்தது.

அடுத்த வாரம் ஒருநாள் மதியம். அக்கா சாப்பிட உட்கார்ந்து பையைத் திறந்தாள். டிபன் பாக்ஸுக்கு அடியில், துணியில் சுற்றி, அம்மாவின் போன். அக்கா அதை வைக்கவில்லை, அம்மாதான் வைத்திருக்க வேண்டும். திரையைப் பார்த்தாள். அவள் அழித்த ஃபைல் திரும்ப வந்திருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒன்று. காலையிலேயே எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பட்டியலைப் பார்த்தாள். யாரும் சேர்க்காமல் எலி அதில் இருந்தது. பச்சைப் புள்ளி.

புதியதைக் கேட்டாள். அம்மாவின் குரல். பல் செட் போட்டுக்கொண்டு, திருத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசியிருந்தாள்.

"வீட்டுலதான்டா இருக்கேன். கதவைச் சாத்தமாட்டேன். வா."

அக்கா பாதி நாள் விடுப்புப் போட்டு வீட்டுக்கு ஓடினாள். அம்மா நன்றாக இருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னடி, இந்நேரத்துக்கே?" என்று கேட்டாள். "எதுக்கும்மா அப்படிப் பேசின?" என்று அக்கா கத்தினாள். அம்மா நிமிரவில்லை.

"கேட்டான். சொன்னேன். பிள்ளை கேட்டா சொல்லாம இருப்பாங்களா?"

இரவு அக்கா கதவைத் தாழ்ப்பாள் போட்டு, நாற்காலியையும் நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்தாள். தூங்கமாட்டேன் என்றுதான் நினைத்தாள். எப்படியோ கண் அசந்துவிட்டது.

நற... நற... நற...

பழகின சத்தம். பாதித் தூக்கத்தில் அக்கா புரண்டு படுத்தாள். "டேய், பல்லைக் கடிக்காத" என்றாள்.

நின்றுவிட்டது.

அக்கா கண்ணைத் திறந்தாள். அசையாமல் கிடந்தாள். வீடு முழுக்க இருட்டு. கொஞ்ச நேரத்தில் மறுபடி, மெதுவாக... நற... நற...

தலைமாட்டில் இருந்த தன் போனை எடுத்தாள். வெளிச்சம் முகத்தில் அடித்தது. வீட்டு வைஃபைக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் அதே பட்டியல். அம்மா, பச்சை. அதற்குக் கீழே எலி, பச்சை. ரெண்டு சுவர் தாண்டினா செத்துடும்.

எழுந்து அம்மாவின் அறைக்குப் போனாள். அம்மா மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பல்லில்லாத வாய் உள்ளே ஒடுங்கியிருந்தது. சத்தம் அங்கிருந்து வரவில்லை. கூடத்துக்கு வந்தாள். கதவுக்கு முன்னால் நகர்த்தி வைத்த நாற்காலி அதன் பழைய இடத்துக்கே போயிருந்தது. தாழ்ப்பாள் திறந்திருந்தது. சத்தம் சமையலறையிலிருந்து வந்தது.

விளக்கைப் போட்டாள். உடனே நின்றுவிட்டது. அலமாரியில் அந்தக் கண்ணாடித் தம்ளர். சாயங்காலம் அம்மா மாற்றிய தண்ணீர் பழுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கை எடுத்த மாதிரி மேலே மெல்ல ஆடியது. உள்ளே பல் செட். அக்கா கிட்டே போய்ப் பார்த்தாள்.

முன்பல் இரண்டும் சாய்வாக உடைந்திருந்தன.

கடைசி பெஞ்சுக்காரி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மழை குறைந்திருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்புறம்?" என்று ஒருத்தி கேட்டாள். "அந்த செட்டைத் தூக்கிப் போட்டாங்களா?"

"அக்கா போடத்தான் பார்த்தா. பெரியம்மா விடல." அவள் குடையை விரித்தாள். "தினமும் அதைத்தான் போட்டுக்கறாங்க. முன்னைவிட இப்பதான் நல்லா பொருந்துதாம்."